நாற்பத்தொன்றாம் கேள்வியும் கிணற்றடி எருமையும்

1

எங்கள் சட்ட இதழுக்கு ஐம்பது வயது நிறைந்துவிட்டது. 'எங்கள்' என்று நான் சொல்வது பேராசிரியர்கள் காதில் விழுந்தால் சிரிப்பார்கள். நான் அங்கே அலுவலக உதவியாளர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு படம்கூட இல்லாமல், செங்கல் கனத்தில் வெளிவரும் இதழ் அது. அதைப் படிக்கிறவர்களைவிட அதில் எழுதுகிறவர்கள்தான் அதிகமோ என்று எனக்கு வெகுநாள் சந்தேகம்.

ஐம்பதாம் ஆண்டுக்காக, இதுவரை வந்த எல்லாத் தொகுதிகளுக்கும் சேர்த்து ஒரு சொல்லடைவு தயாரிக்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். ஏழு மாதம் அட்டைகளோடு மல்லுக்கட்டி முடித்தேன். போன வாரம் அச்சகத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். ஆங்கில அகரவரிசையில் தரகர்களுக்கும் கட்டட ஒப்பந்தங்களுக்கும் நடுவே ஒரு வரி இருக்கிறதாம். 'எருமை: தகவல் தொடர்பில் அதன் பங்கு. பார்க்க: கிணறு, கூட்டு.' இது யாரோ விளையாட்டுக்குச் செய்த பிழையா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பிழை இல்லை. அந்த எருமையை எனக்கு நேரிலேயே தெரியும்" என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

ஊரில் இருக்கும் நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

2

நான் புதுச்சத்திரத்துக்காரி. டைப்ரைட்டிங்கில் ஹையர் தேறிவிட்டு, கல்யாணம் ஆகும்வரை நாமக்கல்லில் என் சித்தப்பாவின் வக்கீல் ஆபீசில் டைப் அடித்தேன். அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. பொன்னுசாமி வக்கீல் என்றால் கோர்ட் வாசல் டீக்கடைக்காரருக்குத் தெரியும். அதற்கு அப்பால் ஒருவருக்கும் தெரியாது என்பது சித்தப்பாவின் மனக்குறை.

கணவருக்கு நூல் மில் மிஷின்களைப் பழுதுபார்க்கும் வேலை. எழுபதுகளின் தொடக்கத்தில் வட இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தோம். ஓயாத தூறல், கம்பளிக் கோட்டு, எட்டரை மணி பஸ், பல்கலைக்கழகத்தின் பின்கட்டில் ஒரு சின்ன அறை. அங்கே நானும் ஒரு டைப்ரைட்டரும் ஒரு கெட்டிலும். இதழாசிரியர் வயதான பேராசிரியர், தங்கமான மனுஷர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சாயங்காலம், 'போய் வருகிறேன்' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நம் ஊரில் வேறு எப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்புவது? அவர் ஆறரை மணிவரை விளக்கைப் போட்டுக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாராம்.

என் வேலை இதுதான். கட்டுரை வரும். எழுதியவர் பெயரைக் கிழித்து எடுத்துவிட்டு, அந்தத் துறை தெரிந்த இரண்டு பேருக்கு அனுப்புவேன். அவர்கள் படித்துக் குறை நிறை எழுதி அனுப்புவார்கள். அதிலிருந்து அவர்கள் பெயரைக் கிழித்துவிட்டு எழுதியவருக்கு அனுப்புவேன். யார் எழுதியது என்று படித்தவருக்குத் தெரியாது, யார் படித்தது என்று எழுதியவருக்குத் தெரியாது. கட்டுரை அச்சேறினால் எழுதியவர் பெயர் வெளியே வரும். படித்தவர் பெயர் கடைசிவரை வராது. உறையின் மேல் விலாசம் அடிக்கிற எனக்கு மட்டும் இரண்டும் தெரியும். ஆனால் வாயைத் திறக்கக் கூடாது.

இதைச் சித்தப்பாவுக்கு ஒரு கடிதத்தில் எழுதினேன். அவர் பேசுவதுபோலவேதான் எழுதுவார். நீலநிற ஏரோகிராமில் பதில் வந்தது: "அதெப்படி சாமி, ஆருன்னே தெரியாம ஒருத்தங்கிட்ட நியாயம் கேக்கறது? நாம எருமைக் கன்னு வாங்கப் போனாலே தரகன் ஆரு, ஊரு எது, எந்தக் கூட்டம்னு கேட்டுப்போட்டுத்தான பல்லைப் புடிச்சுப் பாக்கறோம்?"

3

சித்தப்பாவின் நெஞ்சில் ஒரு முள் இருந்தது. அது ஒரு கிணற்று வழக்கு.

எங்கள் ஊர்ப்பக்கம் அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாக ஒரு கிணறு. ஒரு நாள் அண்ணன் முறை, மறுநாள் தம்பி முறை. மாடு கட்டி இறைத்த காலத்தில் தகராறு இல்லை. கரண்ட் மோட்டார் வந்தது, கூடவே கரண்ட் வெட்டும் வந்தது. தம்பியின் நாளில் கரண்ட் இல்லை. அவர் குச்சிக்கிழங்குக் காடு காய்கிறது. மறுநாள் கரண்ட் வந்துவிட்டது, ஆனால் அது அண்ணன் நாள். இப்போது தண்ணீர் யாருக்கு?

சித்தப்பா தம்பிக்காக வாதாடினார். முறை என்பது நாளுக்கு அல்ல, தண்ணீருக்கு. தண்ணீர் எடுக்க முடியாத நாள் கணக்கில் வராது. முறை மறுநாளுக்குத் தள்ளிப்போகும் என்பது வாதம். நாற்பது பக்கம் எழுதிக் கொடுத்தார். அத்தனையையும் டைப் அடித்தது நான்தான். தீர்ப்பில் அந்த நாற்பது பக்கத்துக்கும் ஒரே வரிதான் கிடைத்தது: 'இந்த வாதம் பரிசீலிக்கத் தக்கதல்ல.'

தோற்றதில்கூட அவருக்கு வருத்தமில்லை. எத்தனையோ கேஸ் தோற்றிருக்கிறார். கேஸ் முடிந்ததும் எதிர்த்தரப்பு வக்கீலை அழைத்துப்போய் டீ வாங்கிக் கொடுப்பது அவர் வழக்கம். தான் தோற்றிருந்தால் டீயோடு ஒரு பன்னும் உண்டு. ஆனால் இந்த முறை வாங்கிய டீயைக் குடிக்காமல் ஆறவிட்டார். "தப்புன்னு சொல்லிருந்தாப் பரவால்ல சாமி. படிக்கவேயில்லையே" என்றார்.

நான் சட்ட இதழில் வேலை பார்க்கிறேன் என்று தெரிந்ததும் அந்த நாற்பது பக்கத்தைக் கட்டுரையாக்க உட்கார்ந்துவிட்டார். உலகத்தில் யாராவது ஒருவர் அதை முழுக்கப் படித்துவிட்டுச் சரி என்றோ தப்பு என்றோ சொல்ல வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

4

கட்டுரை மூன்று பிரதிகளாக வந்தது. ஐம்பத்தெட்டுப் பக்கம். உறையைப் பிரித்ததும் அறை முழுக்கக் கல்யாண வாசனை. நல்ல காரியத்துக்குப் போகிற காகிதம் என்று நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தார். முதல் பக்கத்தில் மட்டும் தடவினால் போதாதா? மூன்று பிரதிக்கும், ஒவ்வொரு பக்கத்துக்கும், ஒரு மூலை விடாமல் தடவியிருந்தார். எழுதியவர் யாரென்று தெரியக்கூடாத இதழுக்கு இதைவிடப் பெரிய கையெழுத்து எதுவும் இருக்க முடியாது. ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தேன். மூலையோடு நின்றிருந்த மஞ்சள் பக்கம் முழுக்கப் பரவியதுதான் மிச்சம்.

உறவுக்காரர் கட்டுரை என்பதை மறைக்கக் கூடாது என்று ஆசிரியரிடம் உள்ளதைச் சொன்னேன். அதற்கென்று ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். இங்கே தும்மினாலும் ஒரு படிவம் இருக்கும். அதில் 'உறவு' என்ற கட்டத்தில், மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே சொல் போட எனக்கு மனம் வராமல், 'சின்னத் தகப்பனார்' என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பல்கலைக்கழக அலுவலகத்து அம்மாள் ஒருவர் என்னைத் தனியாக உட்கார வைத்து, தாயார் மறுமணம் செய்துகொள்வது பிள்ளைகளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று தனக்குப் புரியும் என்று மிக மென்மையாகப் பேசினார். புதுச்சத்திரத்தில் என் அம்மாவுக்கு இது தெரிந்தால் அந்த அம்மாளின் கதி என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டே டீ குடித்தேன்.

"நீங்கள் தபால் வேலை மட்டும் பாருங்கள். முடிவு என் பொறுப்பு" என்றார் ஆசிரியர். இரண்டு உறைகளுக்கு விலாசம் அடித்து அனுப்பினேன்.

முதல் மதிப்பீட்டாளர் அரைப் பக்கம் எழுதினார். சுவையாக இருக்கிறது, சுருக்கினால் போடலாம் என்றார். இரண்டாமவர் பதினொரு பக்கம் எழுதினார். நாற்பத்தொரு கேள்வி, எண் போட்டு. முதல் கேள்வியே மூலையிலிருந்து ஆரம்பித்தது: 'தாள்களில் உள்ள மஞ்சள் கறை அந்தக் கிணற்று நீரிலுள்ள தாதுப்பொருளா? ஆதாரமாக இணைக்கப்பட்டதா?'

இதைப் படித்தால் சித்தப்பா உடைந்துபோவார் என்று நினைத்தேன். அனுப்பாமல் இருக்கவும் வழியில்லை. பெயரைக் கிழித்துவிட்டு அனுப்பினேன்.

5

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. என் சித்தப்பா மதிப்பீட்டாளர் கேள்விகளைக் கட்டுரைக்கு வந்த யோசனைகளாக எடுத்துக்கொள்ளவில்லை. எதிர்த்தரப்பு தாக்கல் செய்த எதிர்மனுவாக எடுத்துக்கொண்டுவிட்டார். கோர்ட் கச்சேரிக்குப் பழகிய கை. வேறு எப்படி எழுதும்?

பச்சைக் காகிதத்தில், ஓரம் விட்டு, ஆங்கிலத்தில்தான் இருந்தது. ஆனால் நாமக்கல் கோர்ட் ஆங்கிலம். தலைப்பில் 'கட்டுரையாளர் – மனுதாரர். மதிப்பீட்டாளர்கள் இருவர் – எதிர்மனுதாரர்கள்.' முதல் பத்தி: 'இதில் குறிப்பாக ஒப்புக்கொள்ளப்பட்டவை தவிர மற்ற அனைத்தும் மறுக்கப்படுகின்றன.' கடைசியில், மேற்கண்டவை தன் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை உண்மை என்று உறுதிமொழி. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கோர்ட் ஸ்டாம்பையும் ஒட்டியிருந்தார். இந்திய அரசாங்கத்துச் சிங்கங்கள் என் மேஜைமேல் உட்கார்ந்து என்னையே பார்த்தன.

சில பதில்களை அப்படியே தருகிறேன்.

'கேள்வி 1: மஞ்சள். ஆதாரம் அல்ல, நம்பிக்கை.

'கேள்வி 7: சகோதரர்கள் பத்தொன்பது வருடமாகப் பேசிக்கொள்வதில்லை என்றால், முறை முடிந்ததை எப்படித் தெரிவித்துக்கொண்டார்கள் என்று கேட்கப்பட்டுள்ளது. கிணற்றடியில் கட்டியிருக்கும் எருமை மூலமாக. அண்ணன் எருமையைப் பார்த்து, மோட்டாரை நிறுத்தியாயிற்று என்பார். தம்பி எருமையைப் பார்த்து, தெரியும் தெரியும் என்பார். மேற்படி எருமை தம்பிக்குச் சொந்தமானது. எனினும் இன்றுவரை அது பாரபட்சம் காட்டியதாகப் புகார் இல்லை.

'கேள்வி 12: பெரிய தொட்டியாகக் கட்டிக்கொள்ளலாமே என்ற யோசனை மறுக்கப்படுகிறது. யார் நிலத்தில் கட்டுவது என்பதை எதிர்மனுதாரர் சொல்லவில்லை. சொன்னால் அது தனிக் கேஸ்.'

இப்படியே நாற்பது வரை. நாற்பத்தொன்றாம் கேள்வி மட்டும் வேறு மாதிரி. இரண்டாமவர் கேட்டிருந்தார்: 'முறை தள்ளிப்போகும் என்றால், எதுவரை தள்ளிப்போகும்? வாரம் முழுக்க மின்சாரம் இல்லையென்றால், எட்டாம் நாள் யாருடையது?'

அதற்குச் சித்தப்பாவின் பதில்: 'இது நியாயமான கேள்வி. எனக்குத் தெரியவில்லை. வாய்தா வேண்டும்.'

என் சித்தப்பா எழுத்தில் 'தெரியவில்லை' என்று ஒப்புக்கொண்டதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

6

ஆசிரியர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி படித்தார். பிறகு அந்த ஸ்டாம்பை ரத்து செய்ய நம்மிடம் ரப்பர் முத்திரை ஏதாவது இருக்கிறதா என்று என்னைக் கேட்டார்.

வீட்டில் அதன் நகல் என் மகள் மலர் கையில் சிக்கியது. அவளுக்குப் பத்து வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். ஊரிலிருந்து கடிதம் வந்தால் தபால்தலையை மட்டும் கிழித்துக்கொண்டு ஓடிவிடுவாள். எனக்கு அது வலிக்கும். சொல்லிப் பயனில்லை என்று விட்டுவிட்டேன். அன்று மேஜையடியில் படுத்துக்கொண்டு சித்தப்பாவின் பதிலைப் பக்கம் பக்கமாகப் படித்து விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள், பாத்திரம் கழுவினாயா என்று கேட்டேன். "குறிப்பாக ஒப்புக்கொள்ளப்பட்டவை தவிர மற்ற அனைத்தும் மறுக்கப்படுகின்றன" என்றாள். அன்று பாத்திரம் கழுவப்படவில்லை, ஆனால் அவள் தன் சின்ன அப்பிச்சியான என் சித்தப்பாவுக்கு முதல் கடிதம் எழுதினாள். ஒரே கேள்வி: அந்த எருமையின் பெயர் என்ன?

பதில் வந்தது: 'அதன் பெயர் வெளியிடப்படுவதில்லை. உன் அம்மா ஆபீஸ் வழக்கம்தான் அதற்கும்.'

7

கொஞ்ச நாளில் சித்தப்பா டிரங்க் கால் போட்டார். எனக்குக் காலை பத்து மணி, அங்கே பிற்பகல். ஆசிரியர் அறையில் நின்றுகொண்டு கத்தினேன்.

"ஏஞ்சாமி, நல்லா இருக்கறயா?"

"நல்லா இருக்கறனுங்க சித்தப்பா. ஊட்டுல எல்லாரும்..."

"அதெல்லாங் கெடக்குது. மூணு நிமிசந்தான் குடுத்திருக்கறான். அந்த ரெண்டாம் நம்பர் ஆளு ஆரு?"

"சொல்லக் கூடாதுங்க சித்தப்பா."

"பேரு வேண்டாம். எந்த ஊருன்னாச்சும் சொல்லு."

"அதுவுங் கூடாதுங்க. என்ர வேலை போயிருமுங்க."

"போனாப் போவுது. இங்க வந்து டைப் அடி. உன்ர மிசினு அப்படியேதான் கெடக்குது."

"எதுக்குங்க கேக்கறீங்க? சண்டைக்குங்களா?"

"சண்டையா! அட நீ ஒண்ணு. இருவத்தஞ்சு வருசம் கோர்ட்டுல நின்னிருக்கறேன். ஒருத்தனாச்சும் என்ர வாதத்தைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சிருப்பானா? இந்த மனுசன் மூலையில இருந்த மஞ்சளைக்கூட உடல சாமி. அவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுக்கோணும். பன்னும் சேத்தி."

ஒரு பெயர், ஒரு தெரு, ஒரு ஊர். மூன்று சொல். உறையில் நானே அடித்த சொற்கள். எதிரே ஆசிரியர் கூரையைப் பார்த்தபடி ஒன்றும் கேட்காதவர்போல் உட்கார்ந்திருந்தார்.

"முடியாதுங்க சித்தப்பா" என்றேன்.

"சொந்த அண்ணன் மவ" என்றார். நேரம் முடிந்து லைன் அறுந்துவிட்டது.

கட்டுரை அடுத்த வருடம் வெளிவந்தது. நாற்பத்தொன்றாம் கேள்விக்கு விடை தெரியவில்லை என்பதையும் சேர்த்தே போட்டார்கள். அடியில் நன்றிக் குறிப்பு ஒன்று எழுதி அனுப்பியிருந்தார் சித்தப்பா: 'இவ்விதழ் அலுவலகத்தில் பணிபுரிந்தும் எனக்கு ஒரு வார்த்தையும் சொல்லாத என் அண்ணன் மகளுக்கு.' ஆசிரியர் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அச்சுக்கு அனுப்பினார். அதற்கப்புறம் பொங்கலுக்கு வாழ்த்து உண்டு, தீபாவளிக்கு வாழ்த்து உண்டு, மலருக்குத் தனிக் கடிதம் உண்டு. எனக்கென்று ஒரு வரி கிடையாது. இரண்டு வருடம். சரி, இருக்கட்டும் என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் அழுதேன்.

8

ஐம்பதாம் ஆண்டுத் தேநீர் விருந்து போன வியாழக்கிழமை. அதற்கு முதல் நாள் ஏரோகிராம் வந்தது. என் பெயருக்கு.

"சாமி, உன்னய ஆரு பேரும் கேக்கல. ஆருகிட்டயும் போய்ச் சொல்லுன்னும் சொல்லல. சும்மா உன்கிட்டத்தான் சொல்லறேன். இந்தக் கோடையில ஒரு வாரம் பூராக் கரண்டே இல்ல. எட்டாம் நாளு வந்துச்சு. ரெண்டு பேரும் கெணத்தடிக்கு வந்துட்டாங்க. அண்ணங்காரன் எருமையைப் பாத்து, 'இன்னைக்கு ஆரு மொறைன்னு எனக்கே மறந்துபோச்சு, அவனையே போட்டுக்கச் சொல்லு'ன்னாரு. தம்பிக்காரன் எருமையைப் பாத்து, 'எனக்குந்தான் மறந்துபோச்சு, பெரியவரு மொதல்ல போடட்டும்'னாரு. ஆரு போடறதுன்னு அதுல ஒரு மணி நேரம் போச்சு. நான் கண்ணால பாத்தேன். அதனால, மொறை எதுவரைக்குந் தள்ளிப்போவும்னா, ரெண்டு பேரும் மறக்கற வரைக்கும். இவ்வளவுதான் சமாச்சாரம்."

படித்துவிட்டுச் சமையல்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். யாரிடம் சொல்லச் சொல்லவில்லை என்கிறார் என்று எனக்குத் தெரியாதா?

விருந்துக்கு இதழில் எழுதியவர்கள், படித்தவர்கள் என்று நாற்பது பேருக்குமேல் வந்திருந்தார்கள். நான் பட்டுச்சேலைக்கு மேல் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு கிழவர் கைத்தடியோடு மெதுவாக வந்து என் பக்கத்தில் நின்றார். ஓய்வுபெற்ற நீர்ச்சட்டப் பேராசிரியர். அவர் விலாசம் எனக்கு மனப்பாடம். அவரும் நன்றிக் குறிப்பைப் படித்து நான் யாரென்று தெரிந்துகொண்டிருப்பார்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சன்னலைப் பார்த்தார். வெளியே தூறல்.

"அந்த எட்டாம் நாள் என்ன ஆயிற்றோ" என்றார் சன்னலிடம். "எனக்கு அடிக்கடி நினைவு வருகிறது."

சுற்றிப் பார்த்தேன். ஆசிரியர் தூரத்தில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார். நான் கிழவரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. டீ கெட்டிலைப் பார்த்து, கொஞ்சம் சத்தமாகவே, அண்ணன் சொன்னதையும் தம்பி சொன்னதையும் சொன்னேன். இரண்டு பேரும் மறக்கும்வரை என்று முடித்தேன்.

கிழவர் கைத்தடியை இறுகப் பிடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரித்தாரா என்னவென்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு சன்னலிடம் சொன்னார்: "பதில் ஏற்கப்படுகிறது."

அவருக்கு ஒரு கோப்பை டீ ஊற்றி, தட்டிலிருந்த ஒரு பன்னையும் எடுத்து அவர் பக்கமாக நகர்த்தி வைத்தேன். அது யார் வாங்கிக் கொடுத்தது என்று அவர் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஏரோகிராம் எடுத்தேன். மலர் எட்டிப் பார்த்தாள். நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்துவிட்டு எழுதினேன்:

'அன்புள்ள சித்தப்பாவுக்கு, தங்கள் எருமை எழுதிக்கொண்டது. பதில் ஏற்கப்பட்டது. டீயும் பன்னும் கொடுத்தாயிற்று.'